பாம்பும் பஞ்சாங்கமும்

2020-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கொரோனாக் கொள்ளைநோய்க்கு அஞ்சி நாடே கதவடைத்துக் கிடந்த காலம். சென்னையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் அன்று தளர்வில்லா முழு ஊரடங்கு. கடை இல்லை, கூட்டம் இல்லை, பேருந்து இல்லை. தந்தை வீட்டில், தாய் வீட்டில், பாட்டி வீட்டில், பள்ளி மூடப்பட்டதால் பிள்ளைகளும் வீட்டில்! அப்படிப்பட்ட நாளில், காலை 10 மணி 22 நிமிடத்திற்குச் சென்னை வானில் ஞாயிற்றின் முகத்தைத் திங்கள் மறைக்கத் தொடங்கிற்று. நண்பகல் நெருங்கும் வேளையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைந்தது. பிற்பகல் 1 மணி 41 நிமிடத்திற்கு மறைப்பு முற்றும் விலகிற்று. காசு கேட்காத காட்சி. வீட்டு முற்றத்திலேயே அரங்கேறிய காட்சி. குடும்பம் முழுவதும் கூடியிருந்து காணத்தக்க காட்சி!

கண்டனரா? கண்ட வீடுகள் உண்டு, அவற்றை வாழ்த்துவோம். ஆனால் எத்தனையோ வீடுகளில் சன்னல்கள் சாத்தப்பட்டன. அடுப்பு அணைக்கப்பட்டது. ஊறுகாய்ச் சாடியிலும் மாவுப் பாத்திரத்திலும் தர்ப்பைப் புல் செருகப்பட்டது. கருவுற்ற பெண் இருட்டறையில் உட்கார வைக்கப்பட்டாள். "ஏன் பாட்டி?" என்று கேட்ட பிள்ளைக்கு, "பாம்பு பிடிக்கிறது" என்ற மறுமொழி கிடைத்தது. வானத்தைக் காட்டியிருக்க வேண்டிய கை, கதையை நீட்டிற்று.

அந்தக் கதையைத்தான் இங்கே திறனாயப் போகிறோம். இலக்கியம் என்று வந்த எதனையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பது நம் வழக்கம். என்ன சொல்கிறது? எவர் பக்கம் நின்று சொல்கிறது? சொன்னதன் விளைவு எவர் தலையில் விடிகிறது? காப்பியங்களையும் புராணங்களையும் இப்படிக் கேட்டவர்கள் நாம். வீட்டுக்குள்ளே பாட்டியின் வாயில் வாழும் கதையை மட்டும் கேளாது விடுவானேன்?

முதலில் ஒன்றைக் காண்போம். கிரகண நாளில் வீட்டுக்குள்ளே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. ஒன்று பாட்டியின் கதை. மற்றொன்று சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கம். கதை சொல்வது: அசுரன் ஒருவன் பாம்பாகிப் பழி தீர்க்க வருகிறான், சினம் பொங்க ஞாயிற்றை விழுங்குகிறான். பஞ்சாங்கம் சொல்வது: இன்ன நாளில், இன்ன நாழிகையில் பிடிக்கும், இன்ன நாழிகையில் விடும். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சுவருக்குள், ஒன்றையொன்று பாராமல் குடியிருக்கின்றன!

பகைவன் நேரம் குறித்துக்கொண்டா வருவான்? பழிவாங்க வருகிற பாம்பு, ஓராண்டுக்கு முன்பே அச்சகத்தாரிடம் தன் வருகை நேரத்தைச் சொல்லிவிட்டா வரும்? எத்தனை பங்கு விழுங்கும், எத்தனை நிமிடம் வாயில் வைத்திருக்கும், எந்தப் பக்கமாக உமிழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தால், அது பாம்பின் வேலை அன்று, கணக்கின் வேலை. கதையை மறுக்கப் பகுத்தறிவாளர் எவரும் மேடை ஏற வேண்டியதில்லை. பஞ்சாங்கமே மறுக்கிறது. அதனைக் கையில் வைத்திருப்போர் அதற்குரிய பக்கத்தைப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பரிகாரம் தேடுகிறார்கள், அதுதான் வேடிக்கை!

உண்மை என்ன? பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கும் உண்மைதான். நிலவு புவியைச் சுற்றுகிறது. புவி ஞாயிற்றைச் சுற்றுகிறது. காருவா நாளில் நிலவு இரண்டிற்கும் இடையே வருகிறது. ஞாயிற்றின் குறுக்களவு நிலவைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு. அது இருக்கும் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே சிறியது பெரியதை மறைக்க முடிகிறது, கண்ணருகே பிடித்த காசு கோபுரத்தையே மறைப்பதுபோல. அப்படியானால் ஒவ்வொரு காருவாவிலும் மறைப்பு நேராதது ஏன்? நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்து கிடக்கிறது. அது ஞாயிற்றின் தோற்றப் பாதையை வெட்டும் புள்ளிகள் இரண்டே. அந்தப் புள்ளிகளின் அருகே காருவா வாய்த்தால்தான் மறைப்பு. அந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான் நம் நாட்டு வானியலார் இராகு, கேது என்று பெயர் வைத்துக் கணக்கிட்டனர். கணக்கில் அவை வெறும் புள்ளிகள். கதையில் அவற்றுக்குப் பல் முளைத்தது, நஞ்சு ஊறிற்று, காணிக்கை கேட்கும் வாயும் வந்தது!

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வந்து சொன்னது" என்பார் சிலர். அன்று! கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே, ஞாயிற்றை மறைப்பது நிலவு, நிலவை மறைப்பது புவியின் நிழல் என்பது தெளிவாக இருக்கிறது. பின்வந்த வராகமிகிரரும் இராகு விழுங்கும் கதையை ஏற்காமல் வாதிட்டார். அதன்பின் என்ன நேர்ந்தது? ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர், மறைப்பின் நேரத்தைக் கணிக்கும் கணக்கினைத் தாமே வகுத்தவர், சாத்திரத்தை மறுப்பது தகாது என்று சொல்லி, இராகுவுக்காக வழக்காடினார். நான்கு நூற்றாண்டு கழித்து இந்நாட்டைப் பற்றி எழுதிய அல்பெரூனி இதனைச் சுட்டிக்காட்டிக் கடிந்தார். அறிந்தவர் அறியாதவர்போல் பேசினார் என்பதே அந்தக் குற்றச்சாட்டு. மடமைக்கு மன்னிப்பு உண்டு. அறிந்தே மடமைக்குக் காவல் நிற்பதற்கு என்ன பெயர் இடுவது?

தமிழகத்தின் செய்தி இதனினும் சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜென்டீல், தமிழ்க் கணியர் ஒருவரிடம் மறைப்புக் கணக்கைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்டு 30-இல் நேர்ந்த திங்கள் மறைப்புக்குத் தமிழ் முறையில் கணக்கிட்டபோது, மறைப்பு நீடித்த காலத்தில் பிழை 41 நொடிதான். அன்றைய ஐரோப்பாவின் புகழ்பெற்ற மேயர் அட்டவணையில் பிழை 68 நொடி! 1825-இல் வாரன் என்ற அதிகாரியின் எதிரில், புதுச்சேரியில் வாழ்ந்த மற்றொரு தமிழ்க் கணியர், தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாக மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, அவ்வாண்டு மே 31-இல் தொடங்கிய திங்கள் மறைப்பைக் கணக்கிட்டுக் காட்டினார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. சோழியும் நினைவாற்றலும் மட்டும்! மறைப்பின் தொடக்கத்தைச் சொன்னதில் பிழை 4 நிமிடமே. முடிவைச் சொன்னதில் பிழை 52 நிமிடமாகக் கூடிற்று. 1952-இல் கணித வரலாற்று அறிஞர் நியூகபவர் இந்தச் செய்தியை எடுத்து, தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஆராய்ந்து எழுதினார்.

பெருமைப்படத்தக்கதுதான். ஆனால் அதே வாரன் எழுதிவைத்த மற்றொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கணியருக்குத் தாம் செய்யும் கணக்கு ஏன் பலிக்கிறது என்பது தெரியாது. கைம்முறை இருந்தது, காரணம் கைவிடப்பட்டிருந்தது. சோழி சரியாக உருண்டது. சோழியை உருட்டிய மனிதருக்கு விளக்கம் சொல்லித்தரப்படவில்லை. பிழை 4 நிமிடத்திலிருந்து 52 நிமிடமாகப் பெருகினால் எங்கே திருத்துவது என்று அவரால் கேட்க இயலாது. காரணம் அறிந்தவனே திருத்துவான். காரணம் அறியாதவன் ஓதுவான். நம் நாட்டு அறிவின் வீழ்ச்சி முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கிக் கிடக்கிறது. கணக்கைக் காப்பாற்றினோம், கேள்வியைக் கைவிட்டோம். கேள்வி இருந்த இடத்தில் பாம்பு வந்து படுத்துக்கொண்டது.

இனிக் கதைக்கு வருவோம். பாற்கடலைக் கடைந்தனராம். மத்தாக மலை, கயிறாக வாசுகிப் பாம்பு. ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர். பாம்பின் தலைப்பக்கம் நின்று, நச்சுமூச்சைத் தாங்கி இழுத்தவர்கள் அசுரர்கள். உழைப்பு இருவருக்கும் பொது. அமுதம் வந்தது. பொதுவாக உழைத்து வந்த பொருள் பொதுவாகத்தானே பங்கிடப்பட வேண்டும்? இல்லை! திருமால் மோகினி வடிவம் கொண்டு வந்தார், மயக்கினார், அமுதம் தேவர் பந்திக்கு மட்டும் போயிற்று. அசுரன் ஒருவன் இதனை உணர்ந்து, தேவர் வரிசையில் சென்று அமர்ந்தான். உழைத்ததன் பங்கை அவன் வாயில் இட்டதும், ஞாயிறும் திங்களும் காட்டிக்கொடுத்தன. தலை வெட்டப்பட்டது. தலை இராகு, உடல் கேது. காட்டிக்கொடுத்தவர்களை அவன் இன்றும் துரத்துகிறான், பிடிக்கிறான், விழுங்குகிறான், இதுதான் கிரகணமாம்.

திறனாய்வுக் கண்கொண்டு பாருங்கள். இதில் குற்றவாளி யார்? கதை சொல்கிறவர் அசுரனைக் காட்டுகிறார். நிகழ்ச்சியோ வேறு எவரையோ காட்டுகிறது! அசுரன் திருடினானா? தன் கையால் கடைந்த அமுதம் அது. பொய் சொன்னானா? வடிவம் மாற்றி ஏய்த்தவர் வேறொருவர். அவன் செய்த குற்றம் ஒன்றே: தனக்கென்று ஒதுக்கப்படாத பந்தியில் உட்கார்ந்தான்! அதற்குத் தண்டனை தலை! கேட்கும் பிள்ளை மனத்தில் இந்தக் கதை எதனை விதைக்கிறது? உழைப்பவன் வரிசை வேறு, உண்பவன் வரிசை வேறு. வரிசை மாறி உட்கார்ந்தால் வானத்து ஞாயிறே காட்டிக்கொடுக்கும் என்பதைத்தானே!

இது வெறும் கற்பனை, இதில் சமுதாயத்தைத் தேடலாமா என்று கேட்பார்கள். 1924, 1925-ஆம் ஆண்டுகளை நினைவூட்டுவோம். சேரன்மாதேவியில், தேசத்தின் பெயரால், பொதுப்பணத்தின் துணையோடு நடந்த குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! ஒரே பள்ளி, ஒரே பாடம். சோறு மட்டும் வேறு வரிசையில்! அந்தப் பந்தி மூட்டிய நெருப்பு தமிழகமெங்கும் பரவிற்று. 1925 நவம்பரில், இதே காஞ்சிபுரத்தில் கூடிய மாநாட்டில் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டபோது, பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழகத்தின் அரசியலையே திருப்பிய போராட்டத்தின் வேர் ஒரு பந்தியில் இருந்தது. பாற்கடல் பந்தியைக் கதை என்று சிரித்துத் தள்ளலாம். சேரன்மாதேவிப் பந்தியை அப்படித் தள்ள முடியாது.

ஒரு தடையை நேர்மையாக எதிர்கொள்வோம். பாம்பு நமக்கு முற்றிலும் அயலது அன்று. சங்கப் பாடல்களிலேயே பாம்பு விழுங்கும் திங்கள் உவமையாக வருகிறது. ஆகவே "வடவர் கதை" என்ற ஒரு சொல்லால் இதனைத் தள்ளிவிட்டுப் போவது திறனாய்வு ஆகாது. ஆனால் வேறுபாட்டைக் காணுங்கள். புலவன் துன்பத்தில் வாடும் முகத்துக்கு மறைபடும் திங்களை உவமை சொன்னால், கேட்டவன் உள்ளம் இரங்கும், அதோடு முடிந்தது. உவமைக்குப் பரிகாரம் இல்லை, தட்சிணை இல்லை, தீட்டு இல்லை. புராணமோ உவமையை விதியாக்கிற்று. கண்ணுக்குத் தோன்றியதைச் சொன்னது கவிதை; தோன்றியதையே உண்மை என்று சாதித்து, அதன்பேரில் வரி தண்டியது வைதிகம். கவிதையோடு நமக்குப் பகை இல்லை. சீனத்தில் விழுங்குவது நாகம் அன்று, பறக்கும் பெருவிலங்கு; வடஐரோப்பியப் பழங்கதையில் அது ஓநாய். ஒரே ஞாயிற்றை மூன்று விலங்குகள் மூன்று நாட்டில் விழுங்க முடியாது. மக்கள் அஞ்சினார்கள், அஞ்சியதற்குத் தத்தம் நாட்டு விலங்கின் வடிவம் கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள். அச்சத்தை மற்ற நாட்டார் கதையாக்கி வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். நாம் ஆய்வுக்கூடம் கண்ட பிறகும் பரிகாரப் பட்டியலைத் திருத்தவில்லை.

விளைவு எவர் தலையில் விடிகிறது என்பது மூன்றாம் கேள்வி. வானத்தில் நடப்பது ஞாயிற்றுக்கும் திங்களுக்கும். வீட்டில் தண்டனை எவருக்கு? ஆண்மகன் வேண்டுமானால் வெளியே போகலாம், வரலாம். கருவுற்ற பெண்ணோ மூன்று மணி நேரத்துக்கு மேல் உண்ணக் கூடாது. நீர் பருகக் கூடாது. கத்தியைத் தொடக் கூடாது. சன்னலோரம் வரக் கூடாது. மீறினால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்று மிரட்டல். 2020-இல் அந்த நேரம் கோடையின் நண்பகல் நேரம். வயிற்றில் பிள்ளையோடு நாவறள அடைந்து கிடப்பதைவிடவா நிழல் கொடியது?

கருவில் மேலுதடு உருவாகிக் கூடுவது நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் என்பது மருத்துவம் காட்டும் உண்மை. பல பெண்கள் தாம் கருவுற்றதையே உறுதியாக அறியும் முன்பு அந்த வேலை நடந்து முடியத் தொடங்கிவிடுகிறது. ஆறாம் மாதத்துப் பெண்ணை இருட்டில் அடைப்பவர், என்றோ கூடி முடிந்த உதட்டைப் பாம்பிடமிருந்து காப்பாற்றுகிறார்களாம்! மெக்சிகோ நாட்டில் இதே அச்சம் இருக்கிறது. அங்கே கருவுற்ற பெண்ணின் இடுப்பில் சிவப்புத் துணியும் ஊக்கும் செருகுகிறார்கள். அங்கே இராகுவும் இல்லை, கேதுவும் இல்லை, பாற்கடலும் இல்லை. ஆகவே காரணம் பாம்பில் இல்லை. பிள்ளையின் குறை எதுவாயினும் பழியைத் தாயின் தலையில் போடும் வழக்கத்தில் இருக்கிறது. பிளந்த உதட்டை அறுவை மருத்துவம் இன்று சீராக்குகிறது. "நீ அன்று வெளியே போனாய்" என்று மாமியார் சொல்லும் சொல் பிளந்த உள்ளத்தை எந்த மருத்துவம் சீராக்கும்?

பெண்ணோடும் இது நிற்கவில்லை. 2019 டிசம்பர் 26. தமிழகத்தின் கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ஞாயிறு நெருப்பு வளையமாகத் தோன்றிய அருங்காலை. அதே காலையில் கர்நாடகத்தில் கலபுரகிக்கு அருகே தாஜ்சுல்தான்பூரில், உடற்குறை உள்ள பிள்ளைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து நிறுத்தினர் பெற்றோர், கிரகண வேளையில் புதைத்தால் குறை தீரும் என்று! படத்தோடு செய்தி நாடெங்கும் வந்தது. அந்தப் பெற்றோரைக் கொடியவர் என்போமா? இல்லை. மருத்துவமனை எட்டாத இடத்தில் மண் எட்டிற்று. அறிவு எட்டாத இடத்தில் கதை எட்டிற்று. பிள்ளைமேல் கொண்ட அன்பே பிள்ளையைப் புதைத்தது. மடமையின் கொடுமை இதுதான்: அது தீயோரை மட்டும் பிடிப்பதில்லை, அன்புடையோரின் கையையே கருவியாக்கிக்கொள்கிறது.

இந்த இடத்தில் திருமுக்கூடலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காஞ்சி மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் ஊர். கூடல் என்றாலே கிரகண நீராட்டுக்குப் புண்ணியம் கூடுதல் என்பார் வைதிகர். ஆண்டின் பெரும்பகுதியில் பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. புண்ணியம் எதில் கரையுமோ! அந்த ஊரின் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மருத்துவமனை பேசப்படுகிறது. நோயாளிகளுக்குப் 15 படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், பணிவிடை செய்யும் பெண்டிர், நாவிதர், நீர் கொணர்வார், ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் இவ்வளவு என்ற கணக்கு, வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்!

அக்கல்வெட்டை வைத்துப் பழம்பெருமை பாட நாம் வரவில்லை. அந்த மருத்துவமனை கோயிலைச் சார்ந்தோருக்கும் அங்கே தங்கிப் பயின்ற மாணவருக்கும் அமைந்தது. அங்குப் பயிற்றப்பட்டவற்றுள் முதலிடம் வேதத்துக்கு. உழவனுக்கும் நெசவாளிக்கும் அதன் கதவு திறந்திருந்ததாகக் கல் சொல்லவில்லை. எனினும் ஒன்று சொல்கிறது. நோய் வந்தால் தேவை மருந்து, மருத்துவர், படுக்கை, பணிப்பெண் என்பதைத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே கோயில் சுவரே ஒப்புக்கொண்டிருக்கிறது. கோயிலுக்குள்ளேயே மருந்துப் பட்டியல் இருந்த நாட்டில், பிள்ளையின் நோய்க்கு மண்ணையும் தாயின் கருவுக்கு இருட்டறையையும் தேடுகிறோமே, இது மரபைக் காப்பதா, மரபையும் மறப்பதா?

மறைப்பு நாளை மன்னர்களும் மறந்தாரில்லை. கிரகண வேளையில் நிலமும் ஊரும் தானம் செய்ததாகச் சொல்லும் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் இந்தியாவெங்கும் பல. ஞாயிறு மங்கும் சில நாழிகையில் உழுதவன் நிலம் ஓதியவன் கைக்கு மாறிற்று. ஞாயிறு மீண்டது, நிலம் மீளவில்லை! இன்று நிலத்துக்குப் பதில் சிறு காணிக்கை. இன்ன விண்மீனில் பிறந்தார்க்குப் பீடை என்று பட்டியல். பட்டம் எழுதி நெற்றியில் கட்டு, பரிகாரம் செய் என்று அறிவுரை. அந்த வேளையில் பெரும்பாலான கோயில்களில் கதவும் சாத்தப்படுகிறது. காக்கும் கடவுள் கதவைச் சாத்திக்கொண்டால், அடியார் எவரிடம் முறையிடுவது?

எதிர்ப்பக்கத்தை மட்டுமே பழித்துவிட்டுப் போவது முறையன்று. அறிவியலின் பெயரால் பேசுவோரிடமும் ஒரு குறை உண்டு. 1980 பிப்ரவரி 16-இல் கர்நாடகம், ஆந்திரம் வழியே முழு மறைப்பு நேர்ந்தது. கண் கெடும் என்ற எச்சரிக்கை நாடெங்கும் முழங்கிற்று, மக்களை வீட்டுக்குள் வைத்திருக்கத் தூர்தர்ஷன் திரைப்படம் காட்டிற்று, தெருக்கள் வெறிச்சோடின. நோக்கம் நல்லதுதான். ஆனால் பாம்புக்கு அஞ்சி உள்ளே இருந்தவன், கதிருக்கு அஞ்சியும் உள்ளேயே இருந்தான். "பாராதே" என்று சொல்வது புரோகிதன் வேலை. "இப்படிப் பார்" என்று சொல்வதல்லவா ஆசிரியன் வேலை!

எப்படிப் பார்ப்பது? வெறுங்கண்ணால் ஞாயிற்றை நேரே நோக்குவது எந்த நாளிலும் கேடு. கண்ணின் உட்திரையைச் சுடும், சுடும்போது வலியும் தெரியாது. கிரகணத்தில் புதிய நஞ்சு எதுவும் கதிரில் கலப்பதில்லை. மற்ற நாளில் கூச்சம் நம்மைத் தடுக்கிறது, அன்று ஆவல் நம்மை நோக்க வைக்கிறது, வேறுபாடு அவ்வளவே. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே படலம், மஞ்சள் நீர்த் தட்டில் தெரியும் நிழல், இவை எவையும் காப்பல்ல. ஞாயிற்றை நோக்குவதற்கென்றே தரத்தோடு செய்யப்பட்ட கண்ணாடி வேண்டும். அது இல்லாத ஏழை வீட்டில் என்ன செய்வது? அட்டையில் ஊசியால் ஒரு துளை இடுங்கள். ஞாயிற்றுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே சுவரில் விழும் ஒளியைக் காணுங்கள். அங்கே பிறையாக நிற்பது ஞாயிறேதான்.

காஞ்சிப் பட்டுத்தறிக் குடும்பங்களுக்கு இது புதிதும் அன்று. குழித்தறி போட்ட பழைய ஓட்டு வீட்டில், ஓட்டுச் சந்து வழியே தரையிலும் பாவிலும் வட்டவட்டமாக ஒளி விழுவதைக் காணாதவர் உண்டோ? சந்து கோணலாக இருந்தாலும் ஒளி வட்டமாக விழுகிறதே, ஏன்? அந்த வட்டம் சந்தின் வடிவம் அன்று; ஞாயிற்றின் படம்! 10 அடி உயரத்துச் சந்தானால் ஏறத்தாழ ஓர் அங்குல அகலப் படம். மறைப்பு வேளையில் அத்தனை வட்டங்களும் அத்தனை பிறைகளாகும். சரிகைப் புட்டாவை நூலில் நெய்பவன் மடிமேல், வானம் தானே பிறைப் புட்டா வரைகிறது! கூரைக்கு மேலே நடப்பது என்ன என்பதைத் தறியை விட்டு எழாமலே அவன் பிள்ளைக்குக் காட்டலாம். அந்தக் கூரையின் கீழ் அமர்ந்து, சன்னலைச் சாத்திக்கொண்டு, பாம்புக் கதை சொல்வது எத்தனை பெரிய இழப்பு!

உலக்கை கிரகணத்தில் மட்டும் தானே நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. நல்லது, அதனையும் பிள்ளைகளிடமே விடுங்கள். கிரகண நாளில் நிறுத்திப் பார்க்கட்டும். அடுத்த வாரம் அதே உலக்கையை அதே தரையில் நிறுத்திப் பார்க்கட்டும். அடி தட்டையான உலக்கை என்றும் நிற்கும். அந்த ஒரு சோதனை தரும் அறிவு, நூறு மேடைப்பேச்சு தராது. திராவிடர் கழகத்தார் 2019-இல் மறைப்பு வேளையில் பெரியார் திடலில் கூடிச் சிற்றுண்டி உண்டு காட்டினர். மேடையில் உண்டு காட்டுவது தொடக்கம். வீட்டு அடுக்களையில், மாமியாரும் மருமகளும் ஒரே வேளையில் ஒரே சோற்றை உண்பதுதான் வெற்றி.

நம் மண்ணில் வேறொரு மரபும் உண்டு. 1868 ஆகஸ்டு 18-இல் முழு மறைப்பு இந்தியாவைக் கடந்தது. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் நிறமாலைக் கருவியோடு நின்றார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத் தலைவர் போக்சன் நின்றார். அன்று ஞாயிற்றொளியில் அறிஞர் கண்ட மஞ்சள் கோடு, பின்னர் ஒரு புதிய தனிமம் என்று தெளிந்தது. ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் அதனை ஹீலியம் என்றனர். புவியில் அது கிடைத்தது 1895-இல்தான். பாம்பின் வாயில் அகப்பட்டதாக நாம் அழுத ஞாயிறு, தன் உடலின் கூறு இன்னதென்று அன்று சொல்லிக்கொண்டிருந்தது!

அதே மறைப்பை வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். பிறந்தது பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில்! அவர் பாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, தொலைநோக்கியைப் பிடித்தார். பழங்கணக்கின் பிழையை வானத்தைப் பார்த்தே திருத்த வேண்டும் என்றார். திருத்திய பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-இல் வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடந்தபோது, பொதுமக்களுக்கு விளங்கும்படி இந்திய மொழிகளிலும் விளக்க நூல் வெளிவரச் செய்தார். பிறப்பால் எவரையும் பழிப்பது நம் நோக்கம் அன்று என்பதற்கு அவரே சான்று. எக்குடியில் பிறந்தாலும் காரணம் கேட்பவர் நம்மவர். எக்குடியில் பிறந்தாலும் காரணத்தை மறைப்பவர் நமக்கு அயலார்.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றும் அன்று. பாட்டியைப் பழிக்க வேண்டாம். அவருக்கு எவரும் வானத்தைக் காட்டியதில்லை. கதையை அழிக்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "உழைத்தவனுக்கு ஏன் பங்கு இல்லை?" என்று கேளுங்கள், பிள்ளை விடை தேடட்டும். பஞ்சாங்கத்தை எடுங்கள்; மறைப்பு நேரத்தைப் படியுங்கள்; "பாம்புக்கு இந்த நேரம் எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். கருவுற்ற பெண்ணுக்கு வேளைக்குச் சோறும் நீரும் கொடுங்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு, காப்புக் கண்ணாடியை முதலில் அவள் கையில் கொடுங்கள்.

2031-ஆம் ஆண்டு மே திங்கள் 21-ஆம் நாள், தென்தமிழகத்தின் வழியே வளைய மறைப்பு வருகிறது. திருமுக்கூடலிலும் ஞாயிற்றின் பெரும்பகுதி மறையும். இன்றைக்கே நாள் குறிக்க முடிகிறது. இதுவே பாம்பு பொய் என்பதற்குப் போதிய சான்று. அன்று பிறக்கவிருக்கும் பிள்ளையின் தாய் எந்த அறையில் இருப்பாள்? இருட்டறையிலா, முற்றத்திலா? வானம் தன் நேரத்தில் தன் வேலையைச் செய்யும். கதவைத் திறப்பது நம் வேலை.